30 துண்டு சால்மன், அரை மணி நேரம்: எந்த வழி கட்டுப்படியாகும்?

சால்மனில் ஒரே வாயில் போடுகிற மாதிரி ஸ்டார்ட்டர் செய்யப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் ஸ்மோக்ட் சால்மன் (உப்பும் புகையும் ஏற்றிய மெல்லிய மீன் ஏடுகள்) வாங்கச் சொல்வார்கள். அடுப்பே வேண்டாம், பாக்கெட்டைப் பிரி, கிராக்கர் மேல் வை, முடிந்தது என்பார்கள். நானும் அதை நம்பி ஒருமுறை 40 துண்டு செய்ய உட்கார்ந்தேன். மெல்லிய ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழியாமல் வர மறுத்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, வெட்டி, கிரீம் சீஸ் தடவி, சுருட்டி, கிராக்கர் மேல் நிறுத்தி, மேலே ஒரு டில் இலை. முடித்து நிமிரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. முதலில் செய்த பத்துப் பன்னிரண்டு கிராக்கர்கள் நமத்துப்போய், கையில் எடுத்தால் நடுவில் தொங்கின.

அன்றிலிருந்து நான் வேறு கணக்குப் போடுகிறேன். அடுப்பில் எத்தனை நிமிடம் என்று பார்ப்பதில்லை. ஒரு துண்டு தட்டில் போய் உட்காருவதற்குள் எத்தனை தடவை என் கை அதன் மேல் பட வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறேன். நான்கு பேருக்கு எட்டுத் துண்டு என்றால் எந்த முறையிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. முப்பது என்று வரும்போதுதான் எது வேகம், எது வேகம் போலத் தெரிவது என்பது புரியும்.

வீட்டில் செய்ய நடைமுறையில் மூன்று வழிகள்: ஃபில்லே (நடு எலும்பு நீக்கிய சதைப் பகுதி) வாங்கிச் சதுரமாக வெட்டி அவனிலோ (ஓவன்) ஏர் ஃபிரையரிலோ வேகவைப்பது, ஸ்மோக்ட் சால்மனைச் சுருட்டுவது, டப்பா சால்மனைப் பிசைந்து குட்டி வடிவில் தட்டிப் பொரிப்பது. நான்காவதாகப் பச்சையாகப் பரிமாறுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதனால் முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

பச்சை மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கக்கூடும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் சதை வெளுத்து வெந்த மாதிரி தெரியும், புழு சாகாது. அதைக் கொல்ல வேண்டுமென்றால் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறையவைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. வீட்டு ஃபிரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ஐ ஒட்டித்தான் ஓடும், அதுவும் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஏறி இறங்கும். பச்சை சால்மன் சூஷியையே 1980-களில் நார்வேக்காரர்கள்தான் ஜப்பானுக்குக் கொண்டுபோய்ப் பழக்கினார்கள், அதுவரை ஜப்பானியர்கள் தங்கள் கடல் சால்மனைச் சமைத்துத்தான் தின்றார்கள். அந்த ஜாக்கிரதைக்குக் காரணம் இருந்தது. பச்சையாகப் பரிமாறுவதற்கென்றே உறையவைத்து விற்கும் மீன் கிடைத்தால் செய்யலாம். அவசரத்துக்கு, பல வயதினர் சேரும் இடத்துக்கு, வேண்டாம்.

சரி, என் முதல் தேர்வுக்கு வருகிறேன்: வெட்டி, புரட்டி, அவனில் வைக்கும் சதுரத் துண்டுகள்.

தோல் நீக்கிய 500 கிராம் ஃபில்லேயை இரண்டரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16 கிராம் வரும். ஓரத்தில் கொஞ்சம் கழித்தாலும் 30-க்கு ஒன்றிரண்டு குறைவாகக் கிடைக்கும். வெட்டுவதற்கு முன் ஃபில்லேயை 15, 20 நிமிடம் ஃபிரீசரில் வைத்துவிடுவேன். உறையக் கூடாது, விறைத்தால் போதும். அறை வெப்பத்தில் வழவழவென்று கத்திக்கு முன்னால் நழுவும் சதை, விறைத்தபின் அடங்கி நிற்கும். தோலோடு வாங்கியிருந்தால் வால் பக்கத்தில் தோலுக்கும் சதைக்கும் நடுவே கத்தியைப் படுக்கவைத்து நுழைத்து, தோல் நுனியைக் கிச்சன் பேப்பரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு கத்தியை ஓட்டுவதைவிட, தோலை இப்படியும் அப்படியும் ஆட்டி இழுப்பதுதான் சுலபம். சதை ஒட்டாமல் முழுதாகக் கழன்று வந்துவிடும்.

முள் இருக்கிறதா என்று கண்ணால் தேடாதீர்கள். விரல் நுனியால் வரிசையாகத் தடவுங்கள், குத்தும். புருவம் திருத்தும் இடுக்கி மாதிரி ஒன்றைச் சமையலறைக்கென்று தனியாக வைத்துக்கொண்டால் நல்லது. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இழுக்க வேண்டும், நேர் மேலே இழுத்தால் சதையும் சேர்ந்து பிய்யும். ஒரே வாயில் போட்டு விழுங்கும் பண்டத்தில் முள் இருக்கவே கூடாது. இந்த ஒரு வேலையில் மட்டும் நான் நேரத்தைச் சுருக்குவதில்லை.

அப்புறம் எல்லாம் மொத்தமாக நடக்கும். துண்டுகளைப் பேப்பரில் ஒற்றி, ஒரு பாத்திரத்தில் போட்டு, அரை டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள், துருவிய எலுமிச்சைத் தோல், நசுக்கிய ஒரு பல் பூண்டு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். கையால் ஒரு புரட்டு, பத்து நிமிடம் அப்படியே. எலுமிச்சைச் சாற்றை இப்போது ஊற்ற வேண்டாம், மேற்பரப்பு வெளுத்துக் கெட்டிப்படும். இறக்கியபின் பிழியலாம். உப்பில் பத்து நிமிடம் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு: வேகும்போது சால்மன் மேல் வெள்ளையாக நுரைத்து நிற்குமே, அது குறையும். அது கொழுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சதையிலிருந்து பிதுங்கி உறையும் புரதம், தின்னலாம், பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

220 டிகிரியில் சூடேறிய அவனில் 7 முதல் 9 நிமிடம். ஏர் ஃபிரையரில் 200 டிகிரி, 6 அல்லது 7 நிமிடம். இங்கே ஒரு சின்ன முடிச்சு. ஏர் ஃபிரையர் வேகமானது என்பது உண்மைதான், ஆனால் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் போட்டால் சாதாரணக் கூடையில் 15, 18 துண்டுக்கு மேல் கொள்ளாது. முப்பதுக்கு இரண்டு தடவை போட வேண்டும், இரண்டாவது தடவை வெந்து வருவதற்குள் முதல் தடவை ஆறிவிடும். அவன் சூடாக 10, 15 நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் நீங்கள் எப்படியும் வெட்டிக்கொண்டும் புரட்டிக்கொண்டும்தான் இருப்பீர்கள். ஆக, 15 துண்டு என்றால் ஏர் ஃபிரையர், 30 என்றால் அவன்.

தோசைக்கல் போன்ற தட்டையான கல்லிலோ பேனிலோ செய்யலாமே என்பவர்களுக்கு: ஒரு சதுரத்தை நான்கு பக்கமும் சிவக்க வைக்க மூன்று முறை திருப்ப வேண்டும். முப்பது துண்டுக்குத் தொண்ணூறு முறை. முதல் துண்டு கருகும், கடைசித் துண்டு பச்சையாக இருக்கும். பேனை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வருகிறேன்.

மீனின் உள்வெப்பம் 63 டிகிரி வர வேண்டும் என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு. உணவகங்களில் 50, 52-லேயே இறக்கிவிடுகிறார்கள், நடுவில் மெத்தென்று இருக்கும் என்பதற்காக. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவதென்றால் நான் 63-ஐத்தான் பார்ப்பேன். தெர்மாமீட்டர் இல்லையென்றால் இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். இதழ் இதழாகப் பிரிந்து, நடுவில் கண்ணாடி மாதிரியான பகுதி இல்லாமல் இருந்தால் சரி. வளர்ப்பு அட்லாண்டிக் சால்மனில் கொழுப்பு அதிகம், ஒரு நிமிடம் கூடிப்போனாலும் மன்னிக்கும். சாக்ஐ போன்ற, வளர்க்காமல் இயற்கையில் பிடிக்கும் வகை செக்கச்செவேலென்று அழகாக இருக்கும், ஆனால் கொழுப்பு குறைவு. அதே நேரம் வைத்தால் வறண்டு தொண்டையை அடைக்கும். அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்.

இப்போது கைக்கணக்கு. வெட்டும்போது ஒருமுறை, தட்டில் பரப்பும்போது ஒருமுறை, குச்சி குத்தும்போது ஒருமுறை. மற்றதெல்லாம் மொத்த வேலை. அடியில் கிராக்கரோ வெள்ளரியோ தேவையில்லை, மேலே ஒன்றும் தடவ வேண்டியதில்லை. சாஸை ஒரு கிண்ணத்தில் நடுவே வைத்தால் அவரவர் தொட்டுக்கொள்வார்கள். மீன் விறைக்கும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அரை மணிக்குள் தட்டு தயார். அடுப்பே வேண்டாத ஸ்மோக்ட் சால்மனை அடுப்பு வைத்துச் செய்யும் முறை வேகத்தில் முந்துவது இப்படித்தான்.

ஆரோக்கியக் கணக்கிலும் இதுதான் மேல். வளர்ப்பு அட்லாண்டிக் சால்மனில் பச்சையாக 100 கிராமுக்குச் சுமார் 208 கலோரி, 20 கிராம் புரதம், 13 கிராம் கொழுப்பு. ஐந்து துண்டு சாப்பிட்டால் 80 கிராம் மீன், 165 கலோரியை ஒட்டி, 16 கிராம் புரதம். ஒமேகா-3 வகையில் இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்த்து ஒரு கிராமுக்கு மேலேயே கிடைத்துவிடும். வாரம் இரண்டு முறை மீன், ஒரு முறைக்குச் சமைத்த மீன் 85 கிராம் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. ஆறேழு துண்டில் ஒரு முறைக்கானது முடிந்துவிடும். உப்பு, நீங்கள் போட்ட அரை டீஸ்பூன்தான். 30 துண்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 0.1 கிராம்.

இந்த உப்பில்தான் ஸ்மோக்ட் சால்மன் சறுக்குகிறது. மெல்லிய ஏடாக விற்கப்படும் ஸ்மோக்ட் சால்மன் பெரும்பாலும் குளிர்ப்புகை போட்டது. உப்பில் பதப்படுத்தி, 30 டிகிரியைத் தாண்டாத புகையில் வைத்து எடுப்பது. அதாவது அது வேகவே இல்லை. உப்புதான் அதைக் காப்பாற்றுகிறது, அதனால் 100 கிராமுக்கு 3 கிராம் உப்பு என்பது சாதாரணம். 10 கிராம் சுருள் ஐந்து சாப்பிட்டால் ஒன்றரை கிராம் உப்பு உள்ளே போயிருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கே 5 கிராமுக்குக் கீழ் என்கிறது. இன்னும் பந்தியே ஆரம்பிக்கவில்லை, ஸ்டார்ட்டரிலேயே மூன்றில் ஒரு பங்கு காலி. இதற்கு மேல் கேப்பர் (ஊறுகாய் போட்ட பூமொட்டு), கிராக்கர், சீஸ் என்று சேர்பவையும் உப்புதான். பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் லேபிளில் உப்பு வரியைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று லிஸ்டீரியா. இந்தக் கிருமி ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரும். அதனால்தான் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் குளிர்ப்புகை மீனை அப்படியே சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். ஆவி பறக்கச் சூடாக்கிய பதார்த்தத்தில் சேர்த்தால் பரவாயில்லை. வருபவர்களில் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று வாசலில் நின்று கேட்க முடியாது. பலர் இன்னும் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஸ்மோக்ட் சால்மனை நான் ஒதுக்கவில்லை. அதன் ருசிக்கு ஈடாக மற்ற இரண்டும் வராது. புகைமணமும் பட்டு மாதிரியான பதமும் வேறு எதில் இருக்கிறது? அடுப்பு இல்லாத இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும், மீன் வாசனை வீட்டில் நிற்கக் கூடாது, காலையிலேயே செய்து வைத்துவிட வேண்டும் என்றால் இதுதான். எண்ணிக்கையை மட்டும் ஆளுக்கு இரண்டு என்று குறைத்துக்கொள்வேன்.

கைவேலையைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தனித்தனியாகச் சுருட்டாதீர்கள். கிளிங் ஃபிலிமை விரித்து, ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும்படி ஒரு நீண்ட பாயாகப் பரப்புங்கள். அதன் மேல் ஒரே இழுப்பில் சீஸைத் தடவி, ஃபிலிமின் உதவியோடு பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, இரண்டு நுனியையும் மிட்டாய்க் காகிதம் மாதிரி முறுக்கி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். பரிமாறும்முன் ஃபிலிமை எடுத்துவிட்டு ஒன்றரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கினால் போதும். வில்லையின் நடுவே வெள்ளைச் சுழி தெரியும், யாரோ உட்கார்ந்து மெனக்கெட்ட மாதிரி இருக்கும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடைத்தால் சுழி கலங்காது.

சீஸா தயிரா என்ற கேள்வி இங்கேதான் வரும். கிரீம் சீஸ் 100 கிராமுக்கு 340 கலோரியை ஒட்டி இருக்கும், கெட்டியான கிரேக்கத் தயிர் 100-க்கும் கீழே. எண்ணைப் பார்த்தால் தயிர்தான். ஆனால் உப்பு மீனோடு தயிர் சேர்ந்தால் அரை மணியில் நீர் விடும், சுருள் தட்டில் அழ ஆரம்பிக்கும். நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். தயிரை முதலில் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வடியவிட வேண்டும், இல்லையென்றால் கலந்தும் பிரயோஜனம் இல்லை. அவன் துண்டுகளுக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸுக்கு இந்தக் கவலை கிடையாது. வெறும் தயிர், துருவிய வெள்ளரியை நன்றாகப் பிழிந்து அது, டில், மிளகு. போதும்.

அடியில் வைப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கிராக்கர் கால் மணிக்கு மேல் தாங்காது. எண்ணெய் தடவி மொறுமொறுப்பாகச் சுட்ட பிரெட் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வெள்ளரியை முக்கால் சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, இரண்டு பக்கமும் ஒற்றி எடுத்தால் மாவுச்சத்து இல்லாத நல்ல அடிப்பகுதி. மெல்லியதாக வெட்டினால் வளைந்து, சால்மன் மடியில் விழும். வெள்ளரி மேல் உப்புத் தூவாதீர்கள், மேலே இருப்பதே போதும்.

டப்பா சால்மனை நான் முதலில் மதித்ததில்லை. டப்பா மீன் என்றால் ஒரு இளக்காரம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் அலமாரியில் வருடக்கணக்கில் இருக்கும், கரைய வைக்கக் காத்திருக்க வேண்டாம், டப்பாவுக்குள்ளேயே வெந்தது என்பதால் வேகாத மீன் என்ற பயம் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் கதவு தட்டப்பட்டால் இதுதான் கை கொடுக்கும். ஒமேகா-3 இதிலும் இருக்கிறது. அதோடு, எலும்போடு அடைத்த டப்பாவாக இருந்தால் வேறு எதிலும் இல்லாத ஒரு லாபம்: அந்த எலும்பு மிருதுவாகி விரலால் நசுக்கினாலே பொடியாகும். அதைப் பொறுக்கி எறிந்துவிடாமல் மீனோடு சேர்த்துப் பிசைந்தால் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே அளவு பாலில் 120-தான்.

213 கிராம் டப்பாவை நன்றாக வடித்து, ஒரு முட்டை, மூன்று டேபிள்ஸ்பூன் ஓட்ஸ் பொடி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், மிளகு. உப்பு தேவைப்படாது, டப்பாவிலேயே இருக்கும். பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரக்கையால் ஒரு டேபிள்ஸ்பூன் அளவு எடுத்துத் தட்டினால் 14, 16 வரும். பேனுக்கு வேலை இங்கேதான்: கொஞ்சம் எண்ணெய், மிதமான சூடு, பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஒரே ஒரு திருப்பல். வடிக்கும்போது சோம்பல்பட்டால் திருப்பும்போது உடையும், நான் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திப் பிழிகிறேன். முப்பது வேண்டுமென்றால் இரண்டு டப்பா, இரண்டு ஈடு, முக்கால் மணி. வேகத்தில் இது நடுவில் நிற்கிறது. ருசியில் ஃபில்லேயை எட்டாது, ஆனால் மீன் என்றாலே முகம் சுளிக்கும் குழந்தைகள் இதைத்தான் முதலில் காலி செய்கிறார்கள்.

உறைந்த ஃபில்லே வாங்குபவர்களுக்கு ஒன்று. முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் கரையவிடுங்கள். காற்று நீக்கிய உறையில் இருந்தால் கரைய வைக்கும் முன் உறையைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு சுரக்கும் கிருமி ஒன்று உண்டு, அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

எதைச் செய்தாலும் தட்டு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் காய்ந்தால் ஒரு மணி நேரம்தான். அதனால் முப்பதையும் ஒரே தட்டில் அடுக்கிக் காட்ட ஆசைப்படாமல், பதினைந்தை வெளியே வைத்து, மீதியை உள்ளே வைத்துக்கொள்வேன். சூடானது என்றால் இரண்டாவது ஈட்டை, முதல் தட்டு பாதி காலியானபின் அவனுக்குள் தள்ளுவேன்.

அவன் துண்டுகள் மீந்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மீன்கொழுப்பின் வாசனை கிளம்பி, அடுத்த நாள் காபி சூடு பண்ணும்போதும் கூடவே வரும். குளிர்ந்தபடியே முள்கரண்டியால் உதிர்த்து, வடித்த தயிரும் மிளகும் சேர்த்துப் பிசைந்து வெள்ளரி மேல் வைத்துச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் சில நாள் அதற்காகவே நான்கு துண்டை முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைக்கிறோம்.